கொடைக்கும் ஒரு தணிக்கை

கல்லாறு

அன்பு மகளே,

உங்கள் டெக்னோபார்க் நிறுவன மலருக்கு, கணினித் தொழிலதிபர்களின் கொடையைப் பற்றி நீ எழுதப்போவதாக உன் அப்பா சொன்னான். யாரைப் புகழ்வது, யாரை விடுவது என்று குழம்புகிறாயாம். பெயர்ப் பட்டியலைத் தள்ளி வை. 108-லிருந்து தொடங்கு.

கல்லாற்றுக் கயத்தில் ஒருவர் சிக்கினாலும், பொன்முடிப் பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கவிழ்ந்தாலும் நம்மூரில் முதலில் அழைக்கும் எண் அது. அந்த ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் பிறந்தது. தொடங்கியவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு. 2008-ல் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதே ராஜு, சத்யத்தின் கணக்கில் காட்டப்பட்ட கையிருப்பில் 5,040 கோடி ரூபாய் பொய் என்று இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அன்றே பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஏறத்தாழ 50,000 ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தவித்தார்கள். 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 7 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீடு செய்து பிணையில் வந்தார்.

ஆம்புலன்ஸ் மட்டும் நிற்கவில்லை.

நடத்தும் செலவில் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஏற்றிருந்தன. ஜிவிகே குழுமம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2019-ல் கேரளத்தின் 'கனிவ் 108' சேவையை நடத்த வந்ததும் அதே ஆம்புலன்ஸ் அமைப்புதான். அந்த ஆம்புலன்ஸில் ஏறி உயிர் பிழைத்தவரும் உண்டு, சத்யம் பங்கில் சேமிப்பை இழந்தவரும் உண்டு. இருவருக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். ஆகவே சம்பாதித்த விதத்தைத் தனியாக எழுது, கொடுத்ததைத் தனியாக எழுது. ஒன்றை மற்றதில் கழிக்காதே. மைக்ரோசாஃப்ட் சட்டத்தை மீறி ஏகபோகம் செய்தது என்று அமெரிக்க நீதிபதி தீர்ப்பளித்ததும், கேட்ஸ் அறக்கட்டளை இன்றைய வடிவம் பெற்றதும் 2000-ஆம் ஆண்டில்தான். இரண்டும் உன் கட்டுரையில் இடம்பெறட்டும்.

அடுத்து, தொகையை மட்டும் பார்த்து மலைக்காதே. கொடுத்தவரிடம் எவ்வளவு இருந்தது, அதில் எத்தனை பங்கு கைமாறியது என்று பார். 2019-ல் அசிம் பிரேம்ஜி விப்ரோ பங்குகளின் வருவாயில் மேலும் 34 சதவீதத்தை எழுதிவைத்தபோது, அறப்பணிக்குப் போன பங்கு 67 சதவீதம் ஆனது. கொடை எங்கே போய் நிலைக்கிறது என்பதும் முக்கியம். திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார், 1976-ல் எச்சிஎல்லைத் தொடங்கினார். 1996-ல் சென்னை அருகே எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியை நிறுவினார். மூன்று பத்தாண்டுகளாக அங்கே பிள்ளைகள் படித்து வெளியேறுகிறார்கள்.

நம் திருவனந்தபுரத்துப் பிள்ளை கிரிஸ் கோபாலகிருஷ்ணனை விட்டுவிடாதே. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவர்; பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையத்துக்கு 225 கோடி ரூபாய் தர 2014-ல் முன்வந்தார். அவர் படித்த சென்னை ஐஐடி மக்கள் வரியில் நடப்பது. மென்பொருள் ஏற்றுமதி லாபத்துக்கு 2011 வரை வருமான வரிச் சலுகை இருந்தது. நீ வேலை பார்க்கும் டெக்னோபார்க்கை 1990-ல் எழுப்பியது கேரள அரசு. இதைச் சொல்வதால் அவருடைய ஈகை குறையாது. ஆனால் அந்தச் செல்வத்தில் ஊருக்கும் பங்குண்டு என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இன்ஃபோசிஸின் இன்னொரு நிறுவனர் ஷிபுலாலும் அவர் மனைவி குமாரியும் 1999-ல் கேரளத்தில் தொடங்கிய 'வித்யாதன்' உதவித்தொகையில் படித்தவர்கள் உன் அலுவலகத்திலேயே இருக்கக்கூடும். தேடிப் பார். அந்தப் பணம் வராவிட்டால் படிப்பு எந்த வகுப்போடு நின்றிருக்கும் என்று கேள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டபின் முதல் வரியை எழுது. அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா