பி.பி. மாத்திரையும் பாடி பில்டிங்கும்



மாலையில் கல்லூரி விட்டதும் நேராக ஜிம்முக்கு ஓடுகிறவர்கள் நம்மில் பலர். ஆணழகன் போட்டி மேடையில் நிற்க வேண்டும் என்ற ஆசை சிலருக்கு. சட்டைக் கை கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் போதும் என்பது மற்றவர்களுக்கு. இரண்டுமே நல்ல ஆசைதான். ஆனால் இப்போது புரோட்டீன் டப்பாவுக்குப் பக்கத்தில் பி.பி. மாத்திரை அட்டையும் வந்து உட்கார்ந்துவிட்டது. "முன்னெச்சரிக்கைக்குத் தினம் ஒண்ணு போட்டுக்க தம்பி, ஹார்ட் பத்திரமா இருக்கும்" என்று சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இது சரிதானா? பாலிடெக்னிக்கில் படிக்கிற நமக்குத் தெரிந்த வழியிலேயே பார்ப்போம்.

1. ரத்த அழுத்தம் என்பது என்ன?

ஹைட்ராலிக்ஸ் பாடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். இதயம் ஒரு பம்ப். ரத்தக் குழாய்கள் பைப் லைன். பம்ப் தள்ளும் ஓட்டம் கூடினாலும் அழுத்தம் ஏறும். குழாய் குறுகி எதிர்ப்பு கூடினாலும் ஏறும். ஓய்வாக இருக்கும்போது 120/80 என்பது நல்ல அளவு. மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் அது தளரும்போது உள்ள அழுத்தம். பல தடவை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைத்தான் ரத்தக் கொதிப்பு என்கிறோம்.

வெயிட் தூக்கும்போது என்ன ஆகிறது? கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடி பில்டர்களின் கை ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது! இறுகிய தசை குழாய்களை நசுக்குவதும், மூச்சைப் பிடித்துக் கொள்வதும்தான் காரணம். வெயிட்டை இறக்கியதும் சில விநாடிகளில் அழுத்தமும் இறங்கிவிடும். நல்ல உடம்புக்கு இது நோய் ஆகாது. நாள் முழுக்க இறங்காமல் நிற்கிற அழுத்தம்தான் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுக்கிறது.

2. மாத்திரை என்ன வேலை செய்கிறது?

எல்லா பி.பி. மாத்திரையும் ஒன்று கிடையாது. அட்டெனலால் பம்ப்பின் வேகத்தைக் குறைக்கும். அம்லோடிபின் குழாய்ச் சுவரைத் தளர்த்தும். இன்னொரு வகை, சிறுநீர் அதிகம் போக வைத்து லைனில் உள்ள நீரின் அளவையே குறைக்கும். டெல்மிசார்டான், குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அந்தப் பொருள் உண்டாவதையே குறைக்கும் கேப்டோபிரில் மாத்திரைக்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராயப் போய்க் கிடைத்த வழியில் உருவாக்கப்பட்டு, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது!

ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இவை உயிர் காக்கும் மருந்துகள். பக்கவாதம், மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. பாடி பில்டராக இருந்தாலும், கொதிப்பு உறுதியானால் டாக்டர் சொல்படி போட்டே ஆக வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது.

3. யாருக்கு வேண்டும்?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் யார் மாத்திரை வாங்கி வந்தாலும் அட்டையைப் படித்துச் சொல்வது என் வேலை. எங்கள் அப்பத்தாவுக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பி.பி. மாத்திரை வந்தது. கொண்டு வருகிற அக்கா முதலில் பி.பி. பார்ப்பார், நோட்டில் குறிப்பார், பிறகுதான் மாத்திரை தருவார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் அளவு எவ்வளவு, எதற்காக மாத்திரை என்று தெரியும். ஜிம்மில் ஒருவர் சொன்னார் என்று விழுங்குகிற நம் நண்பரைக் கேளுங்கள், கடைசியாக எப்போது பி.பி. பார்த்தாய் என்று. பாதிப் பேருக்குப் பதில் வராது.

அழுத்தம் சரியாக உள்ளவர் இதைப் போட்டால் அது தேவைக்கும் கீழே இறங்கலாம். வெயிட்டை வைத்துவிட்டு நிமிரும்போது கண் இருட்டும். தோளில் பார் இருக்கும்போது தலை சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டெல்மிசார்டான், சிறுநீர் போக வைக்கும் மாத்திரை, உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம்.

4. ஸ்டீராய்டு போடுகிறவர் கணக்கு

பலர் இந்த மாத்திரையைத் தேடுவதற்கு உண்மைக் காரணம் ஸ்டீராய்டு ஊசிதான். ஊசியால் பி.பி. ஏறும், மாத்திரை இறக்கும், கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறார்கள். பாய்லரின் தகடு உள்ளே அரித்துக் கொண்டிருக்கும்போது கேஜ் முள்ளை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது போன்றது இது. ஸ்டீராய்டு இதயத் தசையைத் தடிக்க வைக்கிறது, நல்ல கொழுப்பைக் குறைக்கிறது, ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. பி.பி. மாத்திரை இவற்றைச் சரி செய்துவிடாது.

அமெரிக்காவில் வெயிட் பயிற்சி செய்யும் 140 ஆண்களைச் சோதித்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. இதயத்தின் இடது அறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தார்கள். ஸ்டீராய்டு தொடாதவர்களுக்கு சராசரி 63, பல வருடம் போட்டவர்களுக்கு 52. பம்ப்பே பலவீனமாகிவிட்டது.

மேடைக்கு முன் தசை வரி வரியாகத் தெரிய, உடம்பு நீரை வற்ற வைக்கும் பழக்கமும் உண்டு. அதற்கும் பி.பி. மாத்திரை வகை ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். முகமது பெனாசிசா என்ற புகழ்பெற்ற பாடி பில்டர் 1992-ல் ஹாலந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்து போனார். உடம்பில் நீர் வற்றியதே காரணமாகச் சொல்லப்பட்டது.

5. நாம் செய்ய வேண்டியவை

அ) ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. இலவசமாகப் பார்க்கலாம். ஜிம் முடித்த கையோடு போகாதீர்கள். அரை மணி நேரம் டீ, சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

ஆ) கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும்.

இ) அளவு அதிகம் வந்தால் வேறு வேறு நாட்களில் மறுபடி பார்த்து, டாக்டரிடம் போங்கள். ஊசியோ பவுடரோ எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஈ) வெயிட்டைத் தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

உ) உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹாஸ்டல் ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரும்!

நண்பர்களே, வொர்க் ஷாப்பில் வெர்னியர் வைத்து அளக்காமல் ஒரு ஜாப்பைக் கூட நாம் லேத்தில் ஏற்றுவதில்லை. நம் உடம்பை மட்டும் அளக்காமல் மருந்தில் ஏற்றலாமா? டிப்ளமோ முடித்து நாம் கொண்டு வரப்போகும் முதல் சம்பளத்துக்காக வீட்டில் காத்திருக்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். முதலில் அளப்போம், தேவையென்று டாக்டர் சொன்னால் மருந்து எடுப்போம், தைரியமாக வெயிட் தூக்குவோம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை