கம்பியும் வெளியும்

நுழையும்முன்
மடிக்கணினி இணையத்தை அடைய இரு வழிகள் உண்டு: ஒன்று கம்பி, மற்றொன்று அருகலை எனப்படும் வைஃபை. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும்போது எவ்வழியே செல்வதென்று கணினி எங்ஙனம் முடிவு செய்கிறது?

வீட்டில் அருகலையால் இயங்கிய மடிக்கணினியைப் பள்ளி ஆய்வகத்திற்குக் கொண்டுவந்து, அங்குள்ள ஈதர்நெட் கம்பியைச் செருகுகிறோம். செருகிய இடத்தில் சிறு விளக்கு ஒளிர்கிறது. நாம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. எனினும் அடுத்துத் திறக்கும் இணையப்பக்கம் கம்பிவழியே வந்து சேர்கிறது.

கம்பியும் கம்பியில்லா வழியும் ஒரு குடிப் பிறந்தவை. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர், வெவ்வேறு தீவுகளிலிருந்த வளாகங்களை வானொலி அலைகளால் இணைத்து, அலோகாநெட் என்னும் வலையமைப்பை இயக்கினர். அதனை ஆராய்ந்த இராபர்ட் மெட்காஃப், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது, 1973 மே 22 அன்று அக்கருத்தைக் கம்பிக்குள் கொணரும் குறிப்பொன்றை எழுதினார். ஒளி பரவுவதற்கு 'ஈதர்' என்னும் ஊடகம் வெளியெங்கும் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டு அறிவியலார் கருதினர். இல்லாத அந்த ஈதரின் பெயரே கம்பி வலையமைப்புக்கு அமைந்தது சுவையான முரண். 1997இல் அருகலைக்குரிய 802.11 செந்தரம் உருவானபோது, வெளியில் தோன்றிய எண்ணம் மீண்டும் வெளிக்கே வந்தது எனலாம்.

இனி, கணினியின் முடிவைக் காண்போம். இயங்குதளம் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண்ணைக் குறித்து வைத்துள்ளது. அதனை மெட்ரிக் என்பர். எண் சிறிதாக உள்ள வழியே முதலில் தேர்ந்தெடுக்கப்படும். விண்டோஸ், இணைப்பின் வேகத்தைக் கொண்டு இவ்வெண்ணைத் தானே கணிக்கிறது. லினக்ஸில் பரவலாக வழங்கும் நெட்வொர்க்மேனேஜர், கம்பிக்கு 100, அருகலைக்கு 600 என இயல்பாகவே வைத்திருக்கிறது. கம்பியை உருவினால் 100 மறைகிறது, 600 எஞ்சுகிறது. தானியங்கு மாற்றம் என்று நாம் வியப்பது இவ்வளவே.

ஆயினும், நடந்துகொண்டிருக்கும் வேலை இம்மாற்றத்தைத் தாங்குவதில்லை. மடிக்கணினியை இரு தெருக்களிலும் வாயில் உள்ள வீடாகக் கொள்வோம். ஒவ்வொரு வாயிலுக்கும் தனிக் கதவிலக்கம் உண்டு. முன்வாயில் இலக்கத்திற்கு அனுப்பிய மடல், அது மூடப்பட்டதும் பின்வாயிலைத் தேடி வாராது. ஐபி முகவரியும் இத்தகையதே. பாதி பதிவேறிய கோப்பு கம்பியை உருவியதும் நின்றுபோவதும், காணொலி வகுப்பு சற்றே அறுந்து மீள்வதும் இதனால்தான். பதிவேற்றம் முடிந்தபின் கம்பியை எடுப்பதே நன்று.

மற்றொரு குறை இன்னும் நுட்பமானது. விளக்கு ஒளிர்வது, கம்பியின் மறுமுனையில் ஒரு கருவி விழித்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. அதற்கப்பால் இணையம் அறுந்திருப்பதை விளக்கு அறியாது. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தின் இறுதி நாளன்று என் மாணவி ஒருத்தி கண் கலங்கி அமர்ந்திருந்தாள். விளக்கு ஒளிர்ந்தது, பக்கம் திறக்கவில்லை. வேலை செய்யும் அருகலை இருந்தும், அவள் கணினி சிறிய எண்ணை நம்பிக் கம்பியையே தட்டிக்கொண்டிருந்தது. கம்பியை உருவியதும் பக்கம் திறந்தது. அன்று எனக்கும் காரணம் விளங்கவில்லை.

இக்குறைக்கு மருந்தாக, இணையம் உண்மையில் எட்டுகிறதா என்று இயங்குதளங்கள் இப்போது சோதித்துப் பார்க்கின்றன. அச்சோதனை இயக்கப்பட்டிருப்பின், எட்டாத வழியின் எண்ணோடு நெட்வொர்க்மேனேஜர் 20,000ஐக் கூட்டிவிடும். அவ்வழி தானே பின்தள்ளப்படும்.

சில மடிக்கணினிகளின் பயோஸ் அமைப்பில், கம்பி செருகியவுடன் அருகலையை அணைத்துவிடும் தேர்வும் உண்டு. மின்கலம் சற்று மிஞ்சும். ஆனால், கம்பிக்கு அப்பால் இணையம் இல்லாதபோது கணினிக்குச் செல்ல வேறு வழியே இராது. கம்பியை நாமே உருவ வேண்டும்.