கூறைப்புடவையும் குடும்பக் கணக்கும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. கல்யாணச் செலவுகளில் பந்தலும் பந்தியும் அன்றோடு முடிந்துவிடும். கூறைப்புடவையோ பெட்டியில் இருந்துகொண்டே இருக்கும். அதற்கு வாங்கிய கடனும் பல வீடுகளில் அதனுடனேயே இருக்கும். அக்காளின் திருமணக் கடனை அடைக்கத் தம்பி படிப்பை நிறுத்தும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் அரியன அல்ல. ஆகவே, குறைந்த செலவில், நல்ல முறையில், மண்ணுக்கும் தீங்கின்றி மணப்புடவையைத் தேர்வது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

கூறை என்னும் சொல்

கூறை என்றால் ஆடை என்பதே பொருள், பட்டு என்பதன்று. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாட்டில் நெய்யப்பட்டுப் புகழ்பெற்ற மணப்புடவையும் பட்டும் பருத்தியும் கலந்ததே. சட்டமும் பட்டைக் கேட்கவில்லை. 1967-ஆம் ஆண்டு தமிழகத்தில் இந்துத் திருமணச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தப்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாக உறுதி கூறினாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். 1942-இல் நேருவின் மகள் இந்திரா தம் தந்தை சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ப் புடவையை உடுத்தியே மணம் புரிந்துகொண்டார். எனவே முழுப்பட்டு என்பது வழக்கமே தவிர விதியன்று.

விலை எங்கிருந்து வருகிறது?

ஒரு பட்டுப்புடவையின் விலை மூன்று பொருள்களால் அமைகிறது: பட்டின் எடை, ஜரிகையின் தரம், நெசவாளியின் நாள்கள்.

கச்சாப் பட்டிலுள்ள பசையை நீக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். தூய ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதில் பொன் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது; எனினும் வெள்ளி விலை ஏறினால் புடவை விலையும் ஏறும். செம்புக் கம்பியாலான ஜரிகையும், பிளாஸ்டிக் தகட்டாலான ஜரிகையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே மின்னும். விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை. மூன்றாவதாக, கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைக்கும் 'கோர்வை' வேலைக்குத் தறியில் துணையாள் ஒருவரும் வேண்டும், நாளும் கூடும்.

ஆகவே செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் குறைக்க வேண்டியது ஜரிகையை. அடுத்துக் கரையின் அகலத்தை. நெசவாளியின் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது முறையன்று. அது மூன்றனுள் உழைப்பவன் வயிற்றைத் தொடும் பகுதி.

நம் ஆற்றங்கரைத் தறிகள்

கல்யாண ஜவுளி எடுக்க வேன் பிடித்து நெல்லை டவுண் ரத வீதிகளுக்கு வருவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே வீரவநல்லூர் இருக்கிறது. அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டாப் புடவைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தியும் செயற்கைப் பட்டும் கலந்த இப்புடவையில் செடி உருவங்கள், ஊசிவேலை போலத் தோன்றுமாறு, தறியிலேயே கையால் நெய்யப்படுகின்றன. முழுப்பட்டைவிட விலையும் எடையும் குறைவு. நம் வெயிலுக்கும் ஏற்றது.

சொல்லிச் செய்விக்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. அருகிலுள்ள பத்தமடையில் மணமக்களின் பெயர்களைப் பின்னிக் கல்யாணப் பாய் நெய்து தருவதை நாம் அறிவோம். பாய்க்குச் செய்வதைப் புடவைக்கும் செய்யலாம் அல்லவா?

சொல்லி நெய்விக்கும் முறை

நெசவாளரிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ சொல்லி நெய்விக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. முகூர்த்தத்திற்கு மூன்று மாதம் முன்னரே சொல்லுதல் வேண்டும். மழைக்காலத்தில் பாவு உலர நாளாகும்.

2. நீளம், ரவிக்கைத் துண்டு, கரையின் அகலம், முந்தியின் வேலை, ஜரிகையின் வகை, விலை, முன்பணம், தரும் நாள் ஆகிய அனைத்தையும் எழுதி வாங்குதல் வேண்டும்.

3. நிறத்தை மின்விளக்கில் பாராது பகல் வெளிச்சத்தில் நூற்கண்டாகப் பார்த்துத் தேர்தல் வேண்டும்.

4. தறியில் ஏற்றும் ஒரு பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட புடவைகள் நெய்யலாம். ஒரே ஆண்டில் மணமாகும் தோழியர் இருவர் மூவர் சேர்ந்து சொன்னால், ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றி, வெவ்வேறு புடவைகளாகப் பெறலாம். தனியொரு புடவைக்காகப் பாவு பூட்டும் செலவு மிச்சம்.

சேமித்து வாங்க விரும்புவோருக்கு 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் மாதத் தவணைச் சேமிப்புத் திட்டம் நடத்தி வந்துள்ளது. தீபாவளிக் காலத் தள்ளுபடியும் பலர் அறிந்ததே.

ஏமாறாமல் இருக்க

2004-இல் வந்த 'சில்க் மார்க்' முத்திரை, துணி தூய பட்டு என்பதை மட்டுமே கூறும். கைத்தறியா விசைத்தறியா என்று கூறாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்பதைக் கூறும். பட்டா என்று கூறாது. இரண்டுமே ஜரிகையின் தரத்துக்குச் சான்றாகா. ஆகவே ஜரிகையின் வகையைப் பற்றுச்சீட்டில் தனியே எழுதச் சொல்லுதல் நலம்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். ஓரத்து இழை ஒன்றை எடுத்து எரித்தால், பட்டு மயிர் கருகும் நாற்றம் வீசி, விரலில் பொடியும் சாம்பலாகும். பருத்தி காகிதம் எரியும் மணம் தரும். பாலியெஸ்டரோ உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

நீரும் நிறமும்

புடவைக்கு நிறம் கொடுத்த நீர் எங்கே போகிறது என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாடறியும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் நம் தாமிரபரணியே நமக்குக் குடிநீர். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பட்டறையில் சாயம் தோய்த்த நூலா என்று கேட்பதில் தவறில்லை. அவுரி, மஞ்சிட்டி போன்ற தாவரச் சாயங்களும் உண்டு. அவற்றில் நிறங்கள் குறைவு, விலை சற்றுக் கூடுதல். எல்லாவற்றிலும் மண்ணுக்கு மிகக் குறைந்த சுமை தருவது முன்பே நெய்யப்பட்ட புடவை. அம்மாவின் முகூர்த்தப் பட்டு நல்ல நிலையில் இருந்தால், அதைப் பக்குவமாகச் சுத்தம் செய்து, புது ரவிக்கையுடன் உடுத்துவதில் குறைவொன்றுமில்லை, பெருமையே உண்டு.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக, ஒரு பட்டு 30,000 ரூபாய் என்றும், அதை வாழ்நாளில் பத்து முறை உடுத்துவதாகவும் கொள்வோம். ஒருமுறைக்கு 3,000 ரூபாய் ஆகிறது. 6,000 ரூபாய்ப் புடவையை அறுபது முறை உடுத்தினால் ஒருமுறைக்கு 100 ரூபாய். இடையிலுள்ள 24,000 ரூபாயை இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 480 ரூபாய். ஓராண்டு வட்டி 5,760 ரூபாய். அசல் அப்படியே நிற்க, வட்டி மட்டுமே இன்னொரு புடவையின் விலையை நெருங்கிவிடுகிறது! 2022-இல் தமிழக அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை, மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றியமைத்தது. அத்தொகையில் ஏறத்தாழப் பாதியைப் புடவைக் கடனின் வட்டி விழுங்குவது முறையாகுமா? வரவேற்புக்கு மட்டும் உடுத்தும் மாப்பிள்ளையின் கோட்டுக்கும் இக்கணக்கு பொருந்தும்.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்று பெரியோர் அஞ்சுவது இயல்பே. அந்த நாலு பேர் வட்டி கட்ட வருவதில்லை. பட்டே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று; வசதியுள்ளோர் கைத்தறிப் பட்டு எடுத்தால் காஞ்சி நெசவாளர் வாழ்வர். கடன் வாங்கியே பட்டு எடுத்தாக வேண்டும் என்னும் கட்டாயமே வேண்டாம் என்கிறோம்.

பல வீடுகளில் ஜவுளி எடுக்கப் பத்துப்பேர் போகின்றனர்; உடுத்தப்போகும் பெண்ணை மட்டும் யாரும் கேட்பதில்லை. படித்த நாமாவது நம் வீட்டில் பேச்சு தொடங்கும்போதே, எவ்வளவுக்குள், யார் நெய்தது, எத்தனை நாள் உடுத்துவோம் என்ற மூன்றையும் கேட்டுவிடுவோம். அக்கேள்வியைக் கேட்கும் துணிவைத் தருவதும் கல்வியின் பயன்களுள் ஒன்றே.