'அன்லாக்' போனா? முதலில் சிம்மைப் போடுங்கள்

சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ, "அன்லாக் பீஸ் சார், எந்த சிம்மும் எடுக்கும்" என்று கடைக்காரர் சொன்னால், பர்ஸை எடுக்குமுன் உங்கள் சிம்மை எடுங்கள். அங்கேயே போட்டு ஒரு போன் பேசுங்கள், டேட்டாவும் ஓடுகிறதா பாருங்கள். கடை வைஃபையில் வீடியோ ஓட்டிக் காட்டுவதெல்லாம் சோதனையே அல்ல. அமெரிக்காவிலிருந்து வரும் சில போன்கள் அந்த ஊர் நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். ஐபோன் 14 வரிசை முதல் அங்கே விற்பவற்றில் சிம் செருகும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான்.

அடுத்து, *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண்தானா? ஆங்கிலத்தில் 'கேஒய்எம்' என்று டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போன் என்று பதில் வந்தால் இடத்தைக் காலி செய்யுங்கள்.

பழைய போன் என்றால், முந்தையவரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கிவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.

கீறல், பேட்டரி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐஎம்இஐ எண் எழுதிய பில் தர மறுக்கும் கடையில் மட்டும், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.