கிரீஸ் நிப்பிள் ஆடுதா? கவனிங்க!



மினி டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுற குழுக்கள் டீசல் கணக்கு, மணிக்கணக்கு, தவணை எல்லாத்தையும் நோட்டுல சரியா எழுதிடுறோம். ஆனா வண்டிக்கு அடியில சுண்டுவிரல் நுனி அளவு இருக்கிற கிரீஸ் நிப்பிளை எட்டிப் பார்க்கிறதில்லை. "டிரைவர் பார்த்துக்குவாரு"ன்னு விட்டுடுறோம். டிரைவர் இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர். வண்டி நம்மளோடது.

நிப்பிள் கழன்று விழுந்தா அந்த ஓட்டை வழியா சேறும் தண்ணியும் உள்ளே போகும். கிரீஸ் இல்லாம பின்னும் புஷ்ஷும் உரசித் தேயும். அப்புறம் முன்சக்கரம் ஆடும். சேற்றுழவு நேரத்துல வண்டி பட்டறையில நின்னா, ரிப்பேர் செலவோட அத்தனை நாள் வாடகையும் போச்சு. ஒரு நிப்பிளோட விலை இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை.

நிப்பிள் எங்கெங்கே இருக்கும்? முன் ஆக்சில் நடுப்பின், இரண்டு பக்கத்துக் கிங்பின், பெடல் தண்டு, ரோட்டவேட்டரைச் சுத்துற பி.டி.ஓ. ஷாஃப்ட்டோட கிராஸ் ஆகிய இடங்களைப் பாருங்க. வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டுல படம் இருக்கும்.

முதல்ல இஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில எடுத்துக்கணும். ரோட்டவேட்டரைத் தரையில இறக்கணும். முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கணும். ஓடுற ஷாஃப்ட் பக்கத்துல எந்தக் காரணத்துக்கும் கை வேண்டாம்.

இப்போ நிப்பிளைத் துணியால துடைச்சு, விரலால ஆட்டிப் பாருங்க. அதிர்வுல லேசா கழன்றிருந்தா சின்ன ஸ்பேனரால முடுக்கினா போதும். 6, 8, 10 மி.மீ. நிப்பிள்களுக்குப் பெரும்பாலும் 7, 9, 11 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். நிப்பிள் சின்னது, பலத்தைக் காட்டினா கழுத்து முறிஞ்சு பாதி உள்ளேயே தங்கிடும்.

முடுக்கியும் திரும்பத் திரும்பக் கழலுதா? புது நிப்பிள் ஒண்ணு போட்டுப் பாருங்க. அது கெட்டியா பிடிச்சா பழசுல மரை தேஞ்சிருக்குன்னு அர்த்தம். புதுசும் ஆடினா ஒண்ணு ஓட்டையில மரை போயிருக்கணும், இல்லைன்னா மரையே மாறியிருக்கணும். இந்த மரை மாற்றம்தான் ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம். 10 மி.மீ. மரையும் 1/8 இஞ்ச் பைப் மரையும் கண்ணுக்கு ஒண்ணு போலவே தெரியும். பைப் மரையோட வெளி அளவு 9.7 மி.மீ. சொச்சம்தான். அதனால 10 மி.மீ. ஓட்டையில போனா தளதளன்னு ஆடும். கடைக்குப் போகும்போது நல்லா பிடிச்சிருக்கிற பக்கத்து நிப்பிளைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டு போங்க. அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால அடைச்சு வைங்க.

ஓட்டையிலேயே மரை போயிருந்தா அடுத்த அளவுக்கு மரை வெட்டி, பெரிய நிப்பிள் போடலாம். பட்டறைக்காரர்கிட்ட, மரை வெட்டுற டேப்புல கிரீஸ் தடவச் சொல்லுங்க. இரும்புத் துகள் அதுல ஒட்டிக்கிட்டு வெளியே வந்துடும். உள்ளே விழுந்தா பின்னை அறுக்கும். வெள்ளை டேப் சுத்துறது அன்னைக்கு வேலையை முடிக்க மட்டும்தான். வெல்டிங் வைக்க விடாதீங்க. சூட்டுல பக்கத்து சீல் கெடும், அடுத்த முறை நிப்பிளைக் கழற்றவும் முடியாது.

சில நேரம் குத்தம் நிப்பிள் மேல இல்லை. உள்ளே பழைய கிரீஸ் இறுகி வழி அடைஞ்சிருக்கும். அப்போ கன்னை பலமா அடிச்சா, அந்த அழுத்தம் பலவீனமான மரையிலிருந்து நிப்பிளைத் தள்ளிடும். முன் ஆக்சிலை ஜாக்கியில தூக்கி, அடியில கட்டை கொடுத்து, பின் மேல இருக்கிற பாரத்தைக் குறைச்சு அடிச்சுப் பாருங்க. பல தடவை கிரீஸ் தானா இறங்கும். கன்னை எடுக்கும்போதும் நேரா பிடுங்காம, லேசா சாய்ச்சு எடுக்கணும்.

கன் ஹோஸ்ல ஓட்டை இருக்கான்னு விரலால தடவிப் பார்க்காதீங்க. அழுத்தத்துல கிரீஸ் தோலுக்குள்ளே ஏறினா, காயம் ஊசி குத்தின மாதிரி தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

சேத்துல இறங்கின வண்டிக்கு அன்னன்னைக்கே, கழுவின பிறகு கிரீஸ் அடிங்க. பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வந்து, புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிச்சா போதும். கிராஸ்ல மட்டும் ஓரத்துல கசிய ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. மணிக்கணக்கு நோட்டுலேயே ஒரு பத்தி போட்டு, அடிச்ச தேதியையும் நிப்பிள் அளவையும் எழுதுங்க. ஒவ்வொரு அளவுலயும் இரண்டு நிப்பிளை டூல் பெட்டியில போட்டு வைங்க.