தையல் தொழிற்சாலைக்கு ஆலோசகராகப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மெங்லெம்புவில் ஒரு தையல் தொழிற்சாலையில் உன்னை ஆலோசகராக எடுத்துக்கொண்டார்கள் என்று உன் அம்மா சொன்னார். ஆட்களின் மனநலத்தைக் கவனிக்க வேண்டும், உற்பத்தியும் கூட வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம். தொழிற்சாலைக் கிளினிக்கில் தாதியாக இருந்த அத்தை என்ற உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன்.

முதலில் உன் அறைக்கு யாரும் வரமாட்டார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா என்று பெயர். ஆனால் நம் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சண்டையிலேயே அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்தவள், லைனில் எல்லாரும் பார்க்க எழுந்து கவுன்சலர் அறைக்கு எப்படி வருவாள்? உன் மேசையைக் கிளினிக்குக்குள்ளேயே போடச் சொல். பனடோல் வாங்க வருகிறவள் உன்னிடமும் உட்காரட்டும். தலைவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை என்றுதான் தொடங்குவாள். வீட்டுக்காரர், ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரரிடம் வாங்கிய கடன், பிள்ளை என்று மற்றவை மெல்ல வரும்.

அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் அவள் உட்காரும் இடத்தைப் போய்ப் பார். ஓவர்லாக் மெஷின் முன்னால் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார். நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறதா, அயர்ன் மேசையின் வெக்கை எதுவரை வருகிறது, கழிவறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், டார்கெட் எட்டாத நேரத்தில் சூப்பர்வைசர் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்.

இடத்தைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 1978இல் சிலாங்கூர் சுங்கைவேயில், ஓர் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் பார்த்து வேலை செய்த சுமார் 120 பெண்கள் ஒரே நேரத்தில் பேய் பிடித்தது போல் அலறினார்கள். தொழிற்சாலையை மூன்று நாள் மூடினார்கள். மலாய் மந்திரவாதியான போமோவை அழைத்து வந்து உள்ளேயே ஆடு அறுத்தார்கள். ஐவா ஓங் என்ற மானிடவியலாளர் 1987இல் வந்த தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த அலறலுக்குள் ஓர் எதிர்ப்பு இருந்தது என்கிறார் அவர். கிளினிக்கில் நான் பார்த்த மயக்கங்களை வைத்துச் சொல்கிறேன், அது சரிதான். போமோ இருந்த இடத்தில் ஆலோசகர் வந்து, வேலை மட்டும் அப்படியே இருந்தால் எதுவும் மாறியதாக ஆகாது.

தையல் லைன் வேலையைத் தோட்ட வேலையோடு ஒப்பிட்டுப் பார். நம் அம்மாக்கள் பால் மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தை நான் சொர்க்கமாக்கமாட்டேன். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, மண்டோரின் ஏச்சு, கிராணியின் கணக்கு எல்லாம் இருந்தன. ஆனாலும் நிரைக்கு நிரை நடக்கலாம், பக்கத்து நிரைக்காரியோடு பேசலாம், பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தபோது அந்தக் கொட்டகை கூட வரவில்லை. தையல் லைனில் ஊசியிலிருந்து கண்ணை எடுக்க முடியாதவளுக்கு மனமெல்லாம் வீட்டில்தான் இருக்கும்.

அவளிடம் "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிடாதே. 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஆனால் மாதம் 104 மணி நேரம் வரை ஓவர்டைமுக்கு இடமுண்டு, அதாவது 26 நாளும் நாளுக்கு 4 மணி நேரம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகும், வாடகையும் பிள்ளைச் செலவும் போக மிஞ்சாதவள் ஓவர்டைமைத் தானே கேட்டு வாங்குகிறாள். இந்தக் கணக்கு தெரியாமல் சொல்லும் ஆறுதல் அவளை இன்னும் தனியாக்கும்.

மேனேஜரிடம் பேச உனக்கு ஆதாரம் வேண்டும். அத்வர்யு, நிஷாதம் என்ற பொருளியலாளர்கள் வேறு சிலரோடு சேர்ந்து இந்திய ஆடைத் தொழிற்சாலைகளில் செய்த ஆய்வுகளைப் படி. பெங்களூரில் பழைய டியூப் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதும் கூடத்தின் வெக்கை தணிந்து, வெயில் நாட்களில் உற்பத்தி கூடியது. இன்னொன்று, எதிர்பார்த்ததைவிடக் குறைவான சம்பள உயர்வு வந்த சமயம். தொழிலாளர்களில் பாதிப்பேரிடம் வேலை எப்படி, சூப்பர்வைசர் எப்படி என்று பெயர் சொல்லாமல் பதில் சொல்லும் வகையில் கேட்டார்கள். அவர்களிடையே வேலையை விட்டுப் போவதும் மட்டம் போடுவதும் குறைந்தன. அதற்கு மேல் சம்பளம் கூடவில்லை, ஒருவர் கேட்டார், அவ்வளவுதான்.

இந்த ஆய்வு முடிவுகளைப் பட்ஜெட் கூட்டத்துக்கு எடுத்துப் போ. உன் அறைக்குள் கொண்டு வராதே. உன்னிடம் பேசிய பிறகும் ஒருத்தியின் பீஸ் கணக்கு ஏறாமல் போகலாம். அப்போதும் நீ அவளுக்காகத்தான் அங்கே இருக்கிறாய். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எச்.ஆர். கேட்டால் கொடுக்காதே. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின் கீழ் நீ பதிவு பெற்றவள், அதைச் சொல்லி மறுத்துவிடு. ஒரு பெயர் வெளியே போனால் அதன் பிறகு யாரும் வரமாட்டார்கள்.

வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்த ஆட்களிடம் பேசும்போது ஏஜென்டையோ சூப்பர்வைசரையோ மொழிபெயர்க்க வைக்காதே. இங்கே வர அவர்கள் பட்ட கடன் அந்த ஏஜென்டுக்கே கொடுக்க வேண்டியதாக இருக்கலாம்.

இன்னொன்று, மகளே. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்று பயந்து வாயைத் திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை நேரடியாகச் சொல். ஈப்போ பெஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி எண்ணை முதல் வாரமே தமிழ், மலாய், சீனம், வங்காளம், நேபாளியில் எழுதிக் கழிவறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டு. அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள்.

அன்புடன்,
அத்தை
ஈப்போ