இல்லக் கணினியை இசைவாக்கல்

கருவி எதுவாயினும் அதனைக் கையாள்வோனுக்கு இசைய அமைதல் வேண்டும். உழவன் மண்வெட்டியின் பிடியைத் தன் உயரத்திற்கேற்பத் தறித்துக்கொள்கிறான். எழுதுவோன் தன் கைக்கு ஏற்ற பேனாவையே நாடுகிறான். கணினியோ உலகெங்கும் வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கென ஒரே வகையாக அமைக்கப்பெற்று விற்பனைக்கு வருகிறது. அதன் எழுத்தளவு கூரிய கண்ணுடைய இளைஞனுக்கு ஏற்றது. அதன் விசைப்பலகை ஆங்கிலத்துக்கு உரியது. அதனைத் தொடக்கியவுடன் விழித்தெழும் செயலிகளுட் பல நாம் கேளாதவை.

வாங்கிய நாளில் இருந்த நிலையிலேயே கணினியைப் பல ஆண்டுகள் வைத்திருப்போர் பலர். "எழுத்துத் தெரியவில்லை", "தமிழ் எழுத வராது", "தொடங்கவே சுணங்குகிறது" என்னும் மூன்று முறைப்பாடுகளை இவர்களிடம் அடிக்கடி கேட்கிறோம். இவை பெரும்பாலும் பொறியின் குறைகள் அல்ல, அமைப்பின் குறைகளே. பணச் செலவின்றி, பிறர் உதவியின்றி, ஓரிரு மணி நேரத்தில் இவற்றைத் திருத்திக்கொள்ளலாம். எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் ஓய்வு பெற்றபின் தம் நினைவுகளையும் ஆராய்ச்சிகளையும் எழுதத் தொடங்கியுள்ளனர். அன்னோர்க்கும், அவர்தம் வீட்டிலுள்ள சிறுவர்க்கும் பயன்படுமாறு சில எளிய வழிகளை இங்கு வகுத்துரைப்போம். கூறப்படும் முறைகள் விண்டோஸ் 11 பொருத்திய கணினியைக் கருதியவை. ஏனைய கணினிகளிலும் பெயர்கள் சிறிது வேறுபடினும் முறை ஏறத்தாழ ஒன்றே.

1. கண்ணுக்கு ஏற்ற திரை

விண்டோஸ் விசையையும் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து விசையையும் ஒருசேர அழுத்தினால் அமைப்புக்களுக்குரிய 'செற்றிங்ஸ்' என்னும் பக்கம் திறக்கும். இனி வருவனவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வாயில் இதுவே. இதில் 'அக்செசிபிலிற்றி' என்ற பகுதியில் 'ரெக்ஸ்ற் சைஸ்' என்பதைத் தெரிந்தால், எழுத்தின் அளவை 100 வீதத்திலிருந்து 225 வீதம் வரை பெருப்பிக்கலாம். எழுத்தோடு படங்களும் குறிகளும் சேர்ந்து பெருக வேண்டுமாயின், 'சிஸ்ரம்' என்ற பகுதியில் 'டிஸ்பிளே' என்பதன்கீழ் உள்ள 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 வீதமாக்குக.

அம்புக்குறி திரையில் எங்குளது என்று தேடுவதே முதியோர்க்குப் பெரும் இடர். அதே 'அக்செசிபிலிற்றி' பகுதியில் அதன் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். பெரிய அளவும் மஞ்சள் போன்ற எடுப்பான நிறமும் நன்று. ஒரு பக்கத்தை மாத்திரம் பெரிதாகக் காண விரும்பினால், 'கொன்ற்ரோல்' விசையை அழுத்தியவாறே சுட்டியின் சில்லை முன்னே உருட்டுதல் போதும். இரவில் வாசிப்போர் 'டிஸ்பிளே' பகுதியிலுள்ள 'நைற் லைற்' என்பதை இயக்கினால் திரையின் நீல ஒளி குறைந்து இளஞ்சூடான நிறம் பெறும்.

2. கைக்கு ஏற்ற தமிழ்

தமிழ் எழுதுவதற்கெனத் தனிக் கணினி வேண்டியதில்லை. விலைகொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதுமில்லை. செற்றிங்ஸ் பக்கத்தில் 'ரைம் அன்ட் லாங்குவேஜ்' என்ற பகுதியிற் புகுந்து, மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேர்த்துக்கொள்க. பின்னர் அம்மொழியின் விருப்பத் தெரிவுகளைத் திறந்து, வேண்டிய விசைப்பலகையைச் சேர்க்க. அதன்பின் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்துந்தோறும் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

எந்த விசைப்பலகையைத் தெரிவது என்பதே அடுத்த வினா. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவுக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், இத்துணை எழுத்துக்களையும் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுள் அடக்க அரிதின் முயன்று வெற்றி கண்டார். அப்பொறியிற் பழகிய விரலுடையோர், அதனை ஒட்டிய ரெங்கநாதன் விசையமைப்பைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். ஆங்கில ஒலியைக்கொண்டு தமிழை எழுதப் பழகியோர்க்கு அஞ்சல் என்னும் விசைப்பலகை எளிது.

புதிதாகப் பழகுவோர்க்கும் மாணவர்க்கும் நாம் பரிந்துரைப்பது தமிழ்99 என்னும் விசைப்பலகையே. இது 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்துப் பொது விசைப்பலகையாக வகுக்கப்பெற்றது. இதன் நெறி நாம் வகுப்பிற் கற்பிக்கும் எழுத்திலக்கணமே. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துக்களுக்கும் 31 விசைகள். உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னையது தானே புள்ளி பெறும். 'அம்மா' என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டுக்கள் போதும். ஙகரத்தின்பின் ககரமும், ஞகரத்தின்பின் சகரமும், நகரத்தின்பின் தகரமும் வருமிடத்தும் இவ்வாறே புள்ளி தானாக அமையும். நாள்தோறும் கால் மணி நேரம் பழகும் சிறுவன் சில கிழமைகளில் விசையைப் பாராமலே எழுதுவான். உயிர்மெய்ப் புணர்ச்சியும் இன எழுத்தும் அவன் விரலிற் பதிந்துவிடும்.

3. பாமினியும் யுனிகோட்டும்

இக்கட்டுரையில் யாவரும் சிறப்பாகக் கருதவேண்டிய பகுதி இதுவே. இலங்கையில் நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவிலேயே கட்டுரைகளும் மலர்களும் தட்டச்சாயின. அவ்வெழுத்துரு தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் இருத்தியது. ஆகவே கணினியின் கணக்கில் அங்கே இருப்பது ஆங்கில எழுத்தே. தமிழ் என்பது அதன்மேற் போர்த்திய ஆடை. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் ஆடை நீங்கிவிடும். 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

யுனிகோட் முறையில் உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இம்முறையில் எழுதிய தமிழ் கனடாவிலுள்ள கணினியிலும், அவுஸ்திரேலியாவிலுள்ள கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தோன்றும், தேடினால் அகப்படும், பார்வையற்றோர்க்கு வாசித்துக்காட்டும் செயலிகளும் அதனைத் தமிழாகவே படிக்கும்.

ஆகவே இனி எழுதுவனவற்றை யுனிகோட்டில் எழுதுக. மேற்கூறிய தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸில் எழுதுவது யுனிகோட்டிலேயாம். பாமினியில் உள்ள பழைய கோப்புக்களை யுனிகோட்டிற்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்திற் கிடைக்கின்றன. மாற்றும்போது நான்கு எச்சரிக்கைகளைக் கைக்கொள்க.

முதலாவது, மூலக் கோப்பை அழியாது பேணுக. அதன் படியொன்றையே மாற்றுக. இரண்டாவது, கட்டுரையினிடையே ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவையும் பொருளற்ற தமிழெழுத்துக்களாக மாறிவிடும். அவற்றைத் தேடித் திருத்துக. மூன்றாவது, பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே தட்டப்பட்டது. யுனிகோட்டில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக, ஒலிக்கும் முறையிலேயே நிற்கும். நல்ல மாற்றி இதனைத் தானே ஒழுங்குசெய்யும். எனினும் கொ, கோ போன்றவற்றைச் சரிபார்த்தல் நன்று. நான்காவது, 'கௌரவம்' போன்ற சொற்களின் முதலெழுத்தை நோக்குக. ககரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்திருத்தல் வேண்டும். 'கெ' என்பதையடுத்து ளகரத்தை எழுதினாலும் கண்ணுக்கு ஏறத்தாழ அவ்வாறே தோன்றும். ஆனால் கணினி அதனை வேறு சொல்லாகவே கொள்ளும். பின்னர் தேடுவோர்க்கு அச்சொல் அகப்படாது.

4. தொடக்கச் சுணக்கம்

கணினி தொடங்கும்பொழுது நாம் அழையாத செயலிகள் பல உடன் எழுவதுண்டு. கொன்ற்ரோல், ஷிப்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'ராஸ்க் மனேஜர்' தோன்றும். அதில் 'ஸ்ராட்டப் அப்ஸ்' என்ற பட்டியலைத் திறந்து, நாள்தோறும் வேண்டாதவற்றை நிறுத்திவைக்க. நிறுத்துதல் நீக்குதலாகாது, வேண்டியபோது அச்செயலியை நாமே திறக்கலாம். நச்சுநிரல் தடுப்புச் செயலியை மாத்திரம் நிறுத்தற்க. இன்னதென்று விளங்காத பெயரையும் தொடாது விடுக.

விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கணினியை வீசிவிட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளங்களை அதில் நிறுவலாம். அவற்றிலும் தமிழ் எழுதலாம்.

5. கோப்புக்களின் ஒழுங்கு

கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முன்னிட்டுப் பின் பொருளைக் குறிக்க. '2026-01-14 பொங்கற் கட்டுரை' என்பதுபோல் அமைந்தால், பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். பெயரை மாற்ற 'எஃப் 2' விசை போதும். 'கடைசி', 'புதிய கடைசி' என்றெல்லாம் பெயரிட்டு, பின்னர் எது கடைசி என்று மயங்குதல் வேண்டா.

மின்வெட்டின் இடர் எம்மவர்க்குப் புதிதன்று. 2022 இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்றதை எவரும் மறவார். 'வேட்' செயலி, திறந்திருக்கும் கோப்பின் மீட்புப் படியை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்குமாறே பெரும்பாலும் அமைந்திருக்கும். அதன் தெரிவுகளில் 'சேவ்' என்ற பகுதியிற் சென்று 2 நிமிடமாக்குக. அவ்வப்போது கொன்ற்ரோலுடன் 'எஸ்' விசையை அழுத்திச் சேமிக்கும் பழக்கத்தையும் கைவிடற்க. பிழையாக அழித்ததை மீட்க, கொன்ற்ரோலுடன் 'இசெட்' விசை உதவும்.

6. வீட்டார்க்குத் தனித்தனிக் கணக்கு

ஒரே கணினியைப் பாட்டனும் பேரனும் பயன்படுத்தும் வீட்டில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைத்தல் நலம். பாட்டனின் பெரிய எழுத்துப் பேரனுக்கு இடையூறாகாது. பேரனின் விளையாட்டுப் பாட்டனின் கட்டுரையைக் குலைக்காது. மென்பொருளை நிறுவும் அதிகாரமுள்ள கணக்கை ஒன்றாக வைத்து, அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துக. அறியாது அழுத்திய ஒன்றால் விளையும் தீங்கு இதனாற் குறையும். எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையோடு 'எல்' விசையை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

7. ஒரு படி போதாது

இறுதியாகக் கூறுவது இன்றியமையாதது. கணினியின் சேமிப்பகம் ஒருநாள் பழுதாகலாம். முக்கியமான கோப்புக்களுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, வெளிச் சேமிப்பகத்தில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வேற்றூரிலுள்ள மகனிடமோ மகளிடமோ ஒன்று எனக் கொள்க.

இதன் அருமையை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது, அந்நூலுக்குப் படிகள் சில எஞ்சியிருந்தமையாலேயே. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்குப் பிறவிடங்களிற் படிகள் இருந்தன. வேறு படியில்லாத ஏடுகள் அன்றோடு மறைந்தன. 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணிவருவதன் பயனும் இதுவே. அவர் பெருநிலையிற் செய்வதை நாம் எம் வீட்டு மேசையிற் சிறிதளவிற் செய்தல் கடன்.

பயிற்சி

கற்றது கைவர வேண்டுமாயின் பின்வருவனவற்றை இக்கிழமைக்குள் செய்து பார்க்க.

அ. திரையின் எழுத்தைக் கண்ணாடியின்றிப் படிக்குமளவிற்கு அமைக்க. இயலாதாயின் கண்ணாடியோடு தளர்ச்சியின்றிப் படிக்குமளவிற்கு அமைக்க.

ஆ. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, உம் பெயர், ஊர், கல்லூரியிற் கற்ற ஆண்டுகள் ஆகியவற்றை எழுதுக.

இ. பாமினியில் உள்ள கோப்பு ஒன்றைத் தெரிந்து யுனிகோட்டிற்கு மாற்றி, மூலத்தோடு வரிக்குவரி ஒப்புநோக்குக.

ஈ. மாற்றிய கோப்பிற்கு முறைப்படி பெயரிட்டு, மூன்று இடங்களில் வைக்க.

இந்நான்கையும் முடித்தோர் கணினியைத் தம் வீட்டுக்கு உரியதாக்கிக்கொண்டோராவர். அவர்கள் கல்லூரியைப் பற்றி எழுதும் நினைவுகள் அடுத்த விழா மலரை ஆக்குவோர் கையில் தமிழாகவே போய்ச் சேரும். எம் ஆசிரியர்களைப் பற்றியும் உடன் பயின்றோரைப் பற்றியும் எழுதத்தக்கவர் இன்னும் பலர் உளர். அவர்கள் எழுத்து எழுத்துருப் பிழையால் மறையாதிருக்குமாக.